இடது வில்லை

கத்தி முனை மூன்றாவது தடவையும் வழுக்கியது. பழம் நறுக்குகிற சின்னக் கத்திதான், இருந்தும் அந்தத் திருகாணிக்கு அது பெரிது. எள்ளளவு திருகாணி. சின்னவள் அக்காவின் மூக்குக்கண்ணாடியைச் சாப்பாட்டு மேசையில் தன் பக்கம் பார்த்தபடி நிறுத்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் முனையைப் பள்ளத்தில் வைத்தாள். போன் அடித்தது. சித்தப்பா.

"மண்டபத்துக்கு எத்தனை மணிக்கு வரணும்னு கேக்கறாங்கம்மா. மூணா, நாலா?"

"நாலு."

"அப்ப அஞ்சுக்குப் பெட்டியை மூடிடுவாங்க. அஞ்சரைக்கு வண்டி. எல்லாருக்கும் சொல்லிடவா?"

"சொல்லிடுங்க."

"நீ ஏதாவது சாப்பிட்டியா?"

"ம்."

"என்ன சாப்பிட்டே?"

"சித்தப்பா, கையில ஒரு வேலை இருக்கு. அப்புறம் பேசறேன்."

அக்கா விடிகாலை ஐந்து பத்துக்குப் போனாள். இப்போது எட்டேகால். இந்த மூன்று மணி நேரத்தில் சின்னவள் ஏழு தாள்களில் கையெழுத்துப் போட்டிருந்தாள், ஆஸ்பத்திரியின் மாடிப்படியில் பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தாள், வீட்டுக்கு வந்து முகம் கழுவியிருந்தாள். அழவில்லை. அழுவதற்கு உடம்பில் தெம்பு வேண்டும். பதினான்கு மாதம் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் தான் வேலை பார்க்கிற பார்சல் அலுவலகத்துக்கும் அலைந்ததில் அது எங்கோ வழியில் கொட்டிப் போயிருந்தது. படுத்தால் தூக்கம் வராது, உட்கார்ந்தால் இருப்புக்கொள்ளாது. அதனால்தான் கத்தியும் கையுமாக உட்கார்ந்திருந்தாள். இல்லாவிட்டால் இந்தக் கூத்தையெல்லாம் அவள் ஏன் செய்யப் போகிறாள்?

மூன்று நாளுக்கு முன்னால் அக்கா தெளிவாகப் பேசிய கடைசிப் பேச்சு இதைப் பற்றித்தான். "அலமாரி மேல பிஸ்கட் டின் இருக்கு. டிரைவர்கிட்ட குடுத்துடு. ஞாயித்துக்கிழமைக்குள்ள." அவ்வளவுதான். பிறகு தண்ணீர் கேட்டாள், தலையணையைச் சரிசெய்யச் சொன்னாள், அதற்கப்புறம் எதுவும் கேட்கவில்லை. சின்னவள் மூன்று நாளும் கட்டில் பக்கத்திலேயே காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தனக்கென்று ஒரு வார்த்தை வராதா என்று. ஒரு திட்டாவது வரலாம். வரவில்லை.

டிரைவர் என்பவர் நகரப் பேருந்து ஓட்டுகிறவர். ஐம்பது வயது, பெரிய தொப்பை, பெரிய மீசை. அவரும் அக்காவும் இன்னும் மூன்று பேரும் சேர்ந்து ஒரு குழு. கம்ப்யூட்டர் விளையாட்டில் வருகிற ராணி, தளபதி, சேடி என்று வேஷம் கட்டிக்கொண்டு மேடை ஏறுகிற குழு. இப்படி வேஷம் கட்டுகிறவர்களுக்கென்று வருஷத்துக்கு ஒரு தடவை பெரிய கூட்டம் நடக்கும். உடை, கிரீடம், வாள், நகை எல்லாம் வீட்டில் கிடக்கிற பொருளை வைத்து அவரவரே செய்யவேண்டும். கடையில் வாங்கினால் மரியாதை இல்லை. அரசு அலுவலகத்தில் கோப்புப் பிரிவில் நாளெல்லாம் தலையைக் குனிந்தே உட்கார்ந்திருந்த அக்கா, ஆறு வருஷமாக அந்த மேடையில் சாம்பல் ராணி. டிரைவர் அவளுடைய தளபதி.

காலை ஆறரைக்கு அவருக்கு விஷயம் சொன்னபோது போனிலேயே ஓவென்று அழுதார். பேருந்தின் ஹாரன் சத்தத்துக்கு நடுவே அந்த அழுகை கேட்டது. அழுது முடித்து, மூக்கைச் சிந்திவிட்டு, மெதுவாக ஆரம்பித்தார்.

"தங்கச்சிம்மா, கேக்கவே வாய் வரல. அந்த டின்..."

"இருக்கு. வந்து வாங்கிக்குங்க."

"எனக்கு மூணு மணி வரைக்கும் டூட்டி. நாளைக்குக் காலையில பத்து மணிக்கு மேடை. ராணியோட பழைய பதக்கம் போன தடவையே ஒடஞ்சிடுச்சு. புதுசுக்குக் கல்லு பூசிக் காயவே அரை நாள் ஆகும்னு ராணி சொல்லுவாங்க. நாங்க போக வேணாம்னுதான் நெனச்சோம். ஆனா போகலைன்னா தொலைச்சுடுவேன்னு அவங்களே சொல்லியிருக்காங்க. சேடி வேஷம் கட்டற டியூஷன் டீச்சரை ராணியா நிக்கச் சொல்லிட்டாங்க, பதக்கம் மட்டும்தான் பாக்கி. நீங்க... முதல் பூச்சு மட்டும்..."

அக்கா செத்து ஒன்றரை மணி நேரம்கூட ஆகவில்லை. வாயில் வந்ததையெல்லாம் சொல்லிவிடலாம் என்று சின்னவளுக்குத் துடித்தது. "சரி, பார்க்கறேன்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

டின்னுக்குள் ராணியின் பதக்கப் படம் ஒன்றும், ஒரு முழுத்தாளில் அக்காவின் கையெழுத்தும் இருந்தன. கோப்பில் குறிப்பு எழுதுகிற அதே குண்டெழுத்து, அதே அதிகாரத் தமிழ். மேலே கோடு போட்டு, "பொருள்: பதக்கம் செய்தல் தொடர்பாக" என்று எழுதியிருந்தது. சின்னவளுக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தன.

"1. கல்: என் மூக்குக்கண்ணாடியின் இடது வில்லை. எனக்குத் தேவைப்படாத நிலை வந்தபின் எடுக்கவும்.

2. தகடு: மாத்திரை அட்டையின் வெள்ளித்தாள். இவ்வீட்டில் தாராளமாகக் கிடைக்கும்.

3. நகப்பூச்சு, சிவப்பு: தங்கையின் மேசை இழுப்பறை. கேட்டுவிட்டு எடுக்கவும்.

4. சட்டம்: ஜாம் பாட்டில் மூடி.

5. சங்கிலி: குளியலறைத் தொட்டி அடைப்பானில் உள்ளது. கழற்றியபின் வேறு வாங்கி மாட்டவும்."

முதல் வரியைச் சின்னவள் நாலு தடவை படித்தாள். தேவைப்படாத நிலை வந்தபின். எப்போது எழுதினாளோ தெரியவில்லை. "சரியாயிடும்க்கா, அடுத்த மாசம் வீட்டுக்குப் போயிடலாம்" என்று இவள் தினமும் கிளிப்பிள்ளை மாதிரிச் சொல்லிக்கொண்டிருக்க, அவள் "ம், ம்" என்று கேட்டுக்கொண்டே இதை எழுதி முடித்து, டின்னில் போட்டு, மூடி வைத்திருக்கிறாள். ஊரில் உள்ள டிரைவருக்கெல்லாம் எழுத அவளுக்குத் தெம்பு இருந்திருக்கிறது. கூடப் பிறந்தவளுக்கு மூன்றாம் எண்ணில் ஒரு நகப்பூச்சு. கேட்டுவிட்டு எடுக்கவும்.

திருகாணி ஒருவழியாகச் சுழன்று வந்தது. இடப்பக்கத்து வில்லை கையில் விழுந்தது. கனமான பழைய காலத்துக் கண்ணாடி வில்லை, நடுவில் மேடு. அக்காவுக்குச் சின்ன வயதிலிருந்தே கிட்டத்தில் இருப்பது தெரியாது. இந்த வில்லைகளுக்குப் பின்னால் அவள் கண்கள் இரண்டும் இரண்டு மடங்காகத் தெரியும். பள்ளிக்கூடத்தில் ஆந்தை என்று கூப்பிட்டார்கள். முதலில் கூப்பிட்டது யார் என்று கேட்டால் சின்னவள்தான்.

கையில் வந்த வில்லையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். சுத்தமாக இருந்தது. அப்பாடா என்றிருந்தது. கீறல் விழுந்தது மற்றது. கீறின வில்லையில் யாராவது கல் செய்வார்களா? அதனால்தான் இதைக் கேட்டிருக்கிறாள். அந்தக் கீறல் அவளோடேயே போகட்டும்.

கீறல் விழுந்து இரண்டு வருஷம் ஆகிறது. அன்றைக்குச் சின்னவளின் மேலதிகாரி, வேலை மாற்றம் பற்றிப் பேச வீட்டுக்கு வந்திருந்தார். மணி அடித்ததும் கதவைத் திறந்தது சாம்பல் ராணி. முகமெல்லாம் சாம்பல் பூச்சு, தலையில் அட்டைக் கிரீடம், தோளில் பழைய திரைச்சீலை, மேலே அந்தப் பெரிய ஆந்தைக் கண்ணாடி. "வாங்க, உக்காருங்க, தங்கச்சி குளிக்கறா" என்று ராணி உபசரித்திருக்கிறாள். மேலதிகாரி நாற்காலி நுனியில் உட்கார்ந்து, ஐந்தே நிமிடத்தில் எழுந்து போய்விட்டார். அடுத்த வாரம் முழுக்க அலுவலகத்தில், "உங்க வீட்டு ராணியம்மா சௌக்கியமா?" என்று ஆளாளுக்குக் கேட்டார்கள்.

அவர் போன பிறகு சின்னவள் கத்தின கத்தல் மூன்று வீட்டுக்குக் கேட்டிருக்கும். "நாப்பத்தி நாலு வயசுல உனக்கு வெக்கமா இல்ல?" என்று கேட்டுக்கொண்டே மேசையில் பரப்பியிருந்ததையெல்லாம் கையால் வாரித் தள்ளினாள். பசை, அட்டை, கத்தரிக்கோல், எல்லாம் தரையில். முகம் துடைப்பதற்காகக் கழற்றி வைத்திருந்த கண்ணாடியும் அதில் போனது. அக்கா குனிந்து, தரையைத் தடவித் தடவி அதைத் தேடி எடுத்தாள். மேல்துணியின் நுனியால் துடைத்துப் பார்த்தாள். "பரவால்ல, ஓரத்துலதான்" என்று சொல்லி மாட்டிக்கொண்டாள்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. அக்கா அந்த வில்லையை மாற்றவே இல்லை. சின்னவள் மூன்று தடவை கேட்டாள், ஒரு தடவை கடைக்கே கையைப் பிடித்து இழுத்தாள். "இருக்கட்டும், இருக்கட்டும்." தினமும் சாப்பிடும்போது எதிரே அந்தக் கீறல். ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும்போது அந்தக் கீறல். வாயால் ஒரு வார்த்தை சொல்லாமல், இரண்டு வருஷம் கண்ணெதிரே பிடித்துக் காட்டிக்கொண்டிருந்தாள் என்றுதான் சின்னவள் எடுத்துக்கொண்டாள். வேறு எப்படி எடுத்துக்கொள்வது? மன்னிப்புக் கேட்டிருக்கலாம். நாளைக்குக் கேட்கலாம், நாளன்றைக்குக் கேட்கலாம் என்று ஓடிவிட்டது. இன்று விடிகாலை ஐந்து பத்தோடு அந்தக் கணக்கு முடிந்துபோயிற்று.

மின்விசிறியில் தாள் பறந்தது. அதன் வலது கீழ்மூலையில் நகப்பூச்சு பாட்டிலை வைத்தாள். யாரிடமும் கேட்கவில்லை, பூச்சு அவளுடையதுதான்.

"6. வில்லையின் பின்பக்கம் பூசவும். முதல் பூச்சு மிக மெல்லியது. சிவப்பு தெரியவில்லையே என்று மறுபடி இழுக்கக் கூடாது.

7. ஒரு மணி நேரம் காயவிடவும். ஊதக் கூடாது. குமிழ் விழும்.

8. இவ்வாறு ஐந்து பூச்சு."

பூசினாள். சிவப்பு தெரியவில்லை. மறுபடி இழுக்கக் கை பரபரத்தது, இழுக்கவில்லை. அலாரம் வைத்துவிட்டு அக்காவின் அலமாரியைத் திறந்து, போட்டுவிட வேண்டிய துணியைத் தேட ஆரம்பித்தாள். நீல நிறத்தில் ஒன்று, அலுவலகத்துக்கு விசேஷமாக உடுத்திக்கொண்டு போவது. அதை எடுத்து இஸ்திரி போட்டாள். அதற்குள் ஒன்பது போன். எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள், எல்லோருக்கும் ஒரே பதிலைச் சொன்னாள். மூன்றாவது போனிலிருந்து சொற்கள் தானாக வந்தன. இரண்டாவது பூச்சு. பாத்திரம் தேய்த்தாள். மூன்றாவது பூச்சு.

பதினொரு மணிக்கு இறுதி ஏற்பாடு செய்கிறவர் வந்தார். நாற்பது வயதிருக்கும். செருப்பை வாசலில் விட்டு, சத்தமே வராமல் நடந்தார். துணியை வாங்கிக்கொண்டு, "கண்ணாடி போடறவங்களாக்கா?" என்று கேட்டார்.

"எப்பவும்."

"அப்ப குடுத்துடுங்க. தினமும் போடறவங்களுக்குக் கண்ணாடி இல்லாம வெச்சா, சொந்தக்காரங்களே ஒரு நிமிஷம் திகைச்சுப் போவாங்க. மொகம் மாறித் தெரியும்."

சின்னவள் கண்ணாடியைக் கொடுத்தாள். அவர் திருப்பிப் பார்த்தார். ஒரு பக்கம் வில்லை இல்லாததைப் பார்த்து நிமிர்ந்தார். மேசையில் சிவப்பாகக் கிடந்த வில்லையையும் பார்த்தார். இந்தத் தொழிலில் அவர் என்னென்ன பார்த்திருப்பாரோ, எதுவும் கேட்கவில்லை.

"வில்லை இல்லைன்னாலும் யாருக்கும் தெரியாதுக்கா. கண்ணு மூடித்தானே இருக்கும்" என்று சொல்லி, கைக்குட்டையில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டார்.

நான்காவது பூச்சு. ஐந்தாவது பூச்சு. நடுவில் பதினைந்து நிமிடம் நாற்காலியிலேயே கண் அசந்தது. கனவு எதுவும் வரவில்லை. எழுந்தபோது கழுத்து வலித்தது. பக்கத்து அறையில் அக்கா இருமுகிறாளா என்று ஒரு நொடி காது அங்கே போனது.

மாத்திரை அட்டைகள் ஒரு பை நிறைய இருந்தன. காலை மாத்திரை, மதிய மாத்திரை, சாப்பாட்டுக்கு முன், சாப்பாட்டுக்குப் பின். வெள்ளித்தாளை உரித்து, கசக்கி, பிரித்து, சிவப்புக்குப் பின்னால் ஒட்டினாள். திருப்பிப் பார்த்ததும் தன்னை அறியாமல் "அட!" என்றாள். தாளின் சுருக்கத்தில் வெளிச்சம் உடைந்து, உள்ளே ஏதோ எரிவது போல இருந்தது. காலையில் அக்காவின் மூக்கின் மேல் இருந்த பொருள். ஜாம் மூடிக்குள் அதைப் பதித்து, சுற்றிப் பசையில் நனைத்த முறுக்கு நூலை ஒட்டினாள். தங்கச் சாயம் டின்னிலேயே இருந்தது. கடைசியாகச் செருப்புக்குப் போடுகிற கறுப்பு பாலிஷ். "10. பூசித் துடைக்கவும், மறுபடி பூசித் துடைக்கவும். பதக்கம் பளபளவென்று இருந்தால் அரண்மனை எரிந்த கதையை எவரும் நம்பமாட்டார்கள்." குளியலறைக்குப் போய்ச் சங்கிலியையும் கழற்றிக்கொண்டு வந்தாள்.

மூன்றே கால் மணிக்கு வேலை முடிந்துவிட்டது. அவளுக்கே ஆச்சரியம். படத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தாள். எல்லாம் சரியாக இருந்தது, ஒன்றைத் தவிர. படத்தில் ராணியின் கல்லில், கீழ் ஓரமாக, ஒரு விரிசல். அரண்மனை எரிந்தபோது விழுந்ததோ என்னவோ. இதை எப்படி வரைவது? தாளில் பத்தோடு நின்றிருந்தது. இவ்வளவு பார்த்துப் பார்த்து எழுதினவள் இதை விட்டிருப்பாளா?

நகப்பூச்சு பாட்டிலைத் தூக்கினாள். அதன் அடியில், தாளின் மூலையில், சின்னதாக எழுதியிருந்தது: மறுபக்கம் பார்க்க.

தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. அக்கா எந்தக் காலத்தில் ஒரு பக்கத்தோடு நிறுத்தியிருக்கிறாள்? மளிகைச் சாமான் பட்டியலைக்கூட இரண்டு பக்கமும் எழுதுகிறவள். தாளைத் திருப்பினாள்.

"11. விரிசல் வரைய வேண்டாம். மேற்படி இடது வில்லையின் கீழ் ஓரத்தில் ஏற்கெனவே உள்ளது. அதே இடம், அதே நீளம். படத்தோடு வைத்து அளந்து பார்க்கப்பட்டது.

12. குறிப்பு: இரண்டு ஆண்டுகளாக நான் வில்லையை மாற்றாதது இதன் பொருட்டே. என் தங்கை வேறு விதமாக நினைத்துக்கொண்டிருக்கிறாள். நான் சொன்னால், சமாதானத்துக்குச் சொல்வதாக எடுத்துக்கொள்வாள். ஆகவே பதக்கத்தைப் பெற்றுக்கொள்பவர் இத்தகவலை அவளுக்கு நேரில் தெரிவிக்கவும்."

கீழே சுருக்கொப்பம். தேதி, நாலு மாதத்துக்கு முந்தையது.

சின்னவள் தன் முகத்துக்கு முன்னால் இரண்டு கையையும் தூக்கி, இல்லாத கண்ணாடியை மாட்டுவதுபோல வைத்துப் பார்த்தாள். போட்டிருப்பவளுக்கு இடது. எதிரே உட்கார்ந்து பார்க்கிறவளுக்கு வலது. பதினெட்டு வருஷமாகப் பார்சல்களை இடது கூடை, வலது கூடை என்று பிரித்துப் போடுகிற கை இது. எப்போதும் எதிரே உட்கார்ந்தே பார்த்துப் பழகிவிட்டது.

கீறின வில்லை அக்காவின் முகத்தில் இருக்கிறது. ஐந்து மணிக்கு மூடிவிடுவார்கள்.

மண்டபத்துக்குப் போய்ச் சேர நாலே கால் ஆகிவிட்டது. வெள்ளைச் சுவர், பிளாஸ்டிக் நாற்காலிகள், குழல் விளக்கு. அக்காவின் அலுவலகத்திலிருந்து பத்துப் பேர், சொந்தக்காரர்கள் கொஞ்சம். கடைசி வரிசையில் பேருந்துச் சீருடையோடு டிரைவர். பக்கத்தில் நெடுநெடுவென்று டியூஷன் டீச்சர். சேடியாக நின்றவள், நாளைய ராணி. வேஷத்தில் வந்து நின்று மானத்தை வாங்குவார்களோ என்று சின்னவள் வழியெல்லாம் பயந்துகொண்டு வந்தாள். அவர்கள் எல்லோரையும்போல வந்து, எல்லோரையும்போல மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

சித்தப்பா ஓடி வந்தார். "எங்கம்மா போயிட்டே? எல்லாரும் உன்னைத்தான் கேக்கறாங்க."

அவள் நேராகப் பெட்டிக்குப் போனாள். அக்கா நீல உடையில், ஏதோ கோப்பைத் தேடிக் களைத்து ஒரு நிமிடம் கண்ணை மூடியவள்போல இருந்தாள். வலது இமை அதன் அளவில் இருந்தது. இடது இமை வில்லைக்குப் பின்னால் பெரிதாகத் தெரிந்தது. கீழ் ஓரத்தில் அந்தக் கீறல். சின்னவள் இரண்டு கையாலும் கண்ணாடியை மெல்லக் கழற்றினாள். காது சில்லென்று இருந்தது.

"ஏய், என்ன பண்றே நீ?" சித்தப்பாவுக்குக் குரல் எகிறிவிட்டது. "நாலு பேரு பாக்கறாங்கம்மா!"

"பாக்கட்டும் சித்தப்பா."

"பைத்தியமா உனக்கு? மாட்டு முதல்ல."

"அவதான் கேட்டா. எனக்கு இந்த வில்லை வேணும். இப்பவே வேணும்." காலையிலிருந்து வராதது இப்போது வந்து தொலைத்தது. பத்து அலுவலகக்காரர்களுக்கு நடுவே, மூக்குக்கண்ணாடியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு சின்னவள் சின்னப்பிள்ளைபோல அழுதாள். சித்தப்பாவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. "சரிடா, சரி, எடுத்துக்க, யாரு வேணாம்னா" என்று முதுகைத் தட்டினார்.

ஏற்பாடு செய்கிறவர் எங்கிருந்தோ சத்தமில்லாமல் வந்து கை நீட்டினார். "குடுங்கக்கா." அவர் சட்டைப்பையில் ஊசிமாதிரி ஒரு திருப்புளி இருந்தது. அரை நிமிடத்தில் வில்லையை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார். வெறும் சட்டத்தை அவளிடமே கொடுத்தார். "நீங்களே மாட்டிவிடுங்க."

மாட்டினாள். இரண்டு வில்லையும் இல்லாமல் அக்காவின் கண்கள் சின்னதாக இருந்தன. எல்லோருக்கும் இருக்கிற அளவுதான். ஆந்தை என்று சொல்ல அதில் ஒன்றுமே இல்லை. குளிக்கும்போதும் தூங்கும்போதும் எத்தனையோ தடவை பார்த்திருப்பாள், கவனித்ததில்லை.

டிரைவர் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றார். சின்னவள் பையிலிருந்து டின்னை எடுத்து அவரிடம் கொடுத்தாள். அவர் திறந்து சிவப்புப் பதக்கத்தைப் பார்த்தார். "அய்யோ, எவ்வளவு அழகா..." என்று ஆரம்பித்தவர் அவள் முகத்தைப் பார்த்து நிறுத்தினார்.

"தப்பான வில்லை. நான் மாத்தி எடுத்துட்டேன். அதை எங்கிட்டயே குடுத்துடுங்க, சங்கிலியை மட்டும் கழட்டிக்குங்க. நீங்க திரும்ப முதல்லேருந்து பூசணும். அஞ்சு பூச்சு. தாள்ல இருக்கு. ரெண்டு பக்கமும் படிங்க."

"ஜாம் மூடி எங்க வீட்ல நெறைய இருக்கு" என்றாள் டியூஷன் டீச்சர். "விடிய விடிய ஆனாலும் முடிச்சுடறோம். நீங்க கவலைப்படாதீங்க."

டிரைவர் தன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாளை விளக்குக்கு நேராகப் பிடித்தார். உதடு அசைய அசைய, விரலை வரிக்கு அடியில் ஓட்டிக்கொண்டு படித்தார். மாத்திரை அட்டையில் ஒரு தடவை சிரித்தார். தாளைத் திருப்பினார். பன்னிரண்டில் விரல் நின்றது. அதை மறுபடி முதலிலிருந்து படித்தார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"தங்கச்சிம்மா, பெற்றுக்கொள்பவர்னா... நான்தானே?"

"ஆமா."

"இதை நீங்க படிச்சுட்டீங்களா?"

சின்னவள் வில்லையைக் கைக்குள் இறுக்கிக்கொண்டாள்.

"இல்ல" என்றாள். "சொல்லுங்க."

அவர் தொப்பியை டீச்சரிடம் கொடுத்தார். சீருடையை இழுத்துவிட்டுக்கொண்டார். நிறுத்தத்தின் பெயரைப் பின்வரிசைக்கும் கேட்கும்படி சொல்கிறவர்போல, நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

"உங்கக்கா அந்த வில்லையை மாத்தாம வெச்சிருந்தது, இந்தப் பதக்கத்துக்காகத்தான். உங்க மேல கோவத்துல இல்ல. நீங்க வேற மாதிரி நெனச்சுட்டிருக்கீங்களாம். அதைச் சொல்லச் சொல்லியிருக்காங்க." மூச்சு விட்டார். இனிமேல் வருவது அவருடைய சொந்தப் பேச்சு என்பதால் குரல் இறங்கியது. "நெசந்தாம்மா. ரெண்டு வருஷமா எங்ககிட்ட காட்டிக் காட்டிப் பெருமை அடிச்சுக்குவாங்க. எந்தங்கச்சி ஒரே வீச்சுல விரிசல் போட்டுக் குடுத்துட்டா, நான் ஒரு வாரம் உக்காந்தாலும் இப்படி வராதுன்னு. அப்ப கழட்டிக் குடுங்க, இப்பவே செஞ்சுடலாம்னு நான் கேப்பேன். கண்ணு தெரிய வேணாமாய்யா எனக்குன்னு சிரிப்பாங்க."

சின்னவள் தலையை ஆட்டினாள்.

"மூடலாமாம்மா?" என்று பின்னாலிருந்து சித்தப்பா கேட்டார். "அஞ்சாகப் போவுது."

"ஒரு நிமிஷம்."

வில்லையை எடுத்துத் தன் இடது கண்ணுக்கு முன்னால், அக்கா போட்டிருந்த அதே தூரத்தில் வைத்தாள். மற்றக் கண்ணை மூடிக்கொண்டாள். மண்டபம் கலங்கிப் பெரிதாயிற்று. டிரைவரின் மீசை, டீச்சரின் நெடிய உருவம், பெட்டியின் நீலம். கீறலைத் தேடினாள். கீழே பார்த்தாள், ஓரத்தில் பார்த்தாள், வில்லையைக் கொஞ்சம் சாய்த்தும் பார்த்தாள். உள்ளேயிருந்து அது தெரியவில்லை.

கையை இறக்கினாள். வில்லையில் அவள் கைரேகையும் கண்ணீரும் ஒட்டியிருந்தன. மேல்துணியின் நுனியை எடுத்து, இரண்டு பக்கமும் நன்றாகத் துடைத்து, டிரைவரின் கையில் வைத்தாள்.

"ஊதாதீங்க" என்றாள். "குமிழ் விழும்."